1814இல் நோர்வே உண்மையில் பெற்றது என்ன?

வாசகர் கேள்வி, மே 11

மே 17 ஊர்வலம் வந்துவிட்டால் எல்லாரும் நோர்வேயின் சுதந்திர தினம் என்று வாழ்த்துப் போடுகிறார்கள். நோர்வே சுதந்திரமடைந்தது 1905இல். 1814இல் டென்மார்க்கின் கையிலிருந்து சுவீடனின் கைக்கு மாறியது, அவ்வளவுதான். இடையில் நடந்த போர் மூன்று கிழமைகூட நீடிக்கவில்லை. தோற்ற வருடத்தை இருநூறு வருடமாகக் கொண்டாடுவதில் என்ன அர்த்தம்?

மே 11, இரவு

நீங்கள் சொன்ன திகதிகள் சரி, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. மே 17 சுதந்திர தினம் அல்ல, அரசியலமைப்பு தினம். 1814இல் நாடு தனித்து நிற்க முடியாமல் போனது உண்மை. ஆனால் அந்த வசந்த காலத்தில் எழுதிய அரசியல் யாப்பு, அதாவது அரசியலமைப்பு, அந்தத் தோல்வியையும் தாண்டி நின்றது, திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. உலகில் இப்போதும் செல்லுபடியாகும் எழுத்து யாப்புகளில் அமெரிக்காவினதுக்கு அடுத்த பழையது இதுதான் என்பார்கள். அந்த வருடத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

மே 12

"கை மாறியது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி மாறியது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நெப்போலியன் பக்கம் நின்ற டென்மார்க் தோற்றுவிட்டது. சுவீடன் 1809இல் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்திருந்தது, அதற்கு ஈடாக நோர்வே வேண்டும் என்று பெர்னடோட் கேட்டுக்கொண்டிருந்தார். நெப்போலியனின் மார்ஷலாக இருந்து சுவீடனின் முடிக்குரிய இளவரசரானவர் அவர். 1814 ஜனவரி 14 திகதியிட்ட கீல் உடன்படிக்கையில் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடெரிக் நோர்வேயைச் சுவீடன் மன்னருக்கு எழுதிக் கொடுத்தார். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, பரோத் தீவுகள் மூன்றையும் டென்மார்க் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1380 முதல் இருந்த பிணைப்பு, குடியிருப்பவரைக் கேட்காமல் வீட்டை விற்பது போல, ஒரு கையெழுத்தோடு முடிந்தது.

நோர்வேயில் அப்போது சுமார் 9 இலட்சம் பேர். 1807 முதல் பிரித்தானியக் கடற்படை கடலை மறித்திருந்ததால் டென்மார்க்கிலிருந்து தானியம் வருவது பெருமளவு நின்றுபோயிருந்தது. 1812இல் விளைச்சலும் பொய்த்தது. பைன் மரத்தின் உட்பட்டையை உரித்து, காயவைத்து, அரைத்து, மாவோடு கலந்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்ட வருடங்கள் அவை. 1813இல் டென்மார்க்-நோர்வே அரசு வங்குரோத்தாகிப் பணம் பெறுமதி இழந்தது. இந்த நிலையில் இருந்த மக்களுக்குத்தான் "இனி உங்கள் மன்னர் ஸ்டொக்ஹோமில் இருக்கிறார்" என்று செய்தி வருகிறது.

மே 13

இது மேல்தட்டு ஆட்களின் விளையாட்டு, சாதாரண சனத்துக்கு இதில் பங்கு இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதி உண்மை. தொடக்கி வைத்தவர் ஓர் இளவரசர்தான்: கிறிஸ்தியான் பிரெடெரிக், வயது 27, டென்மார்க்கின் அடுத்த அரசராக வேண்டியவர், 1813 முதல் நோர்வேயில் மன்னரின் பிரதிநிதி. அந்தப் பதவிக்கு வரும்போதே மாலுமி வேடம் போட்டுத்தான் கடலைக் கடந்து வந்தார். கீல் செய்தி கிடைத்ததும் பனிக்காலத்தில் சறுக்கு வண்டியில் டோவ்ரே மலையைத் தாண்டி துரொண்ட்ஹைம் வரைக்கும் போய் ஆட்களின் மனநிலையைப் பார்த்துவிட்டு வந்தார். பரம்பரை உரிமையாலேயே முடி தனக்குத்தான் என்பது அவருடைய முதல் எண்ணம்.

பெப்ரவரி 16 அன்று ஐட்ஸ்வோலில் முக்கியஸ்தர்களைக் கூட்டிக் கதைத்தார். அங்கேதான் பேராசிரியர் ஸ்வேர்த்ரூப் அவருக்கு நேரே சொன்னார்: டென்மார்க் மன்னர் எங்களைக் கைவிட்டுவிட்டார், எனவே ஆட்சியுரிமை மக்களிடமே திரும்பிவிட்டது, முடியில் உங்களுக்கு மற்ற எந்த நோர்வேக்காரரையும் விடக் கூடுதல் உரிமை கிடையாது. முழு அதிகார முடியாட்சியில் பிறந்து வளர்ந்த இளவரசர் இதைக் கேட்டுக் கோபித்து எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஆட்சிப் பொறுப்பாளர் என்ற நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு யாப்பு எழுதும் சபைக்குத் தேர்தல் வைக்க ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால் அந்த வருடம் திரும்பிய இடம் மே 17 அல்ல, இந்தச் சந்திப்புத்தான்.

மே 13, பின்னேரம்

சாதாரண சனத்தைப் பற்றி மேலே சொல்லாமல் விட்டது: பெப்ரவரி 25 பிரார்த்தனை நாள். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் தேவாலயங்களில் நாட்டின் சுயாதீனத்தைக் காப்போம் என்று ஊரார் சத்தியம் செய்தார்கள். அதே கையோடு, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆட்களையும் தெரிவு செய்தார்கள். பெண்களுக்கு வாக்கில்லை, நிலமில்லாத கூலிகளுக்கு இல்லை. அப்படியிருந்தும் அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு விவசாயி தேவாலயத்தில் வைத்து நாட்டின் தலைவிதி பற்றி வாக்குப் போட்ட இடம் வேறு எங்கே?

மே 15

அந்தச் சபை கூடி யாப்பு எழுதிய ஐட்ஸ்வோல் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தோடு ஒரு தடவை, பிறகு தனியாகவும் போயிருக்கிறேன். ஒஸ்லோவிலிருந்து வடக்கே, கார்டர்மூன் விமான நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டும். வெள்ளை மரவீடு, இரும்பு ஆலை முதலாளி ஒருவரின் வாசஸ்தலம். அரண்மனை மாதிரி எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

மேல்மாடியில் கூட்டம் நடந்த அறையின் சின்னத்தனம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சுவரைச் சுற்றிப் பச்சை ஸ்புரூஸ் கிளைகளைப் பின்னித் தோரணமாகக் கட்டியிருக்கிறார்கள், 1814இல் இருந்த அலங்காரத்தின்படி. நீள வாங்குகள் நெருக்கமாகப் போடப்பட்டிருக்கின்றன. 112 ஆண்கள் ஏப்ரல் 10 தொடக்கம் மே 20 வரை இதற்குள் தோளோடு தோள் உரச இருந்திருக்கிறார்கள். கம்பளிச் சட்டை, சேறு படிந்த சப்பாத்து, ஒரு பக்கம் போதகர், மறுபக்கம் சிப்பாய். இரவில் சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளில் படுக்கை. அந்த அறையின் வாசலில் நிற்கும்போது, இவர்கள் ஆளையாள் தவிர்க்கவே முடிந்திருக்காது என்று பட்டது. விவசாயியின் மூச்சு நீதிபதியின் கழுத்தில் பட்டிருக்கும். அவர்கள் இவ்வளவு வேகமாக வேலையை முடித்ததில் அந்த நெருக்கத்துக்கும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, ஆனால் அங்கே போய் நின்று பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

மே 16

யார் யார் இருந்தார்கள் என்று விபரம் கேட்டவருக்கு. பாதிக்கு மேல் அரச உத்தியோகத்தர்கள், 37 பேர் விவசாயிகள், மிச்சம் வணிகர்களும் ஆலை முதலாளிகளும். கட்சி என்று பெயர் வைக்காவிட்டாலும் இரண்டு அணிகள்: பால்சன் தலைமையில் தனிநாடு இப்போதே வேண்டும் என்ற பெரும்பான்மை, வேடெல் யார்ல்ஸ்பெர்க் பக்கம், சுவீடனோடு நல்ல நிபந்தனைகளில் இணைவதுதான் நடக்கக்கூடியது என்ற சிறுபான்மை. இந்தச் சிறுபான்மையைத் துரோகிகளாகப் பார்த்தவர்கள் அப்போதே இருந்தார்கள். பசித்த சனத்துக்குத் தானியம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களும் அவர்கள்தான் என்பதை மறக்கக்கூடாது.

ஆக இளையவர் தோமஸ் கொனோவ், கடற்படைக்காரர், வயது 17. அந்த 112 பேரில் கடைசியாக இறந்தவரும் அவர்தான், 1881இல்.

வராதவர்களையும் சொல்ல வேண்டும். வட நோர்வேயிலிருந்து ஒருவர்கூட இல்லை. தூரம் அப்படி, காலம் போதவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடகோடியில் உள்ள பின்மார்க்கில், மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தேன், எங்களுடைய ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். பனிப்புயல் வந்தால் வீதியை மூடிவிடுவார்கள், பக்கத்து ஊருக்கே போக முடியாது. இந்தக் காலத்திலேயே அப்படி. அங்கிருந்து 1814இல் ஒருவர் ஏப்ரலுக்குள் ஐட்ஸ்வோல் வந்து சேர்வது நடக்காத காரியம் என்பது அங்கே ஒரு பனிக்காலம் இருந்தவருக்குப் புரியும். "நோர்வே மக்கள் யாப்பு எழுதினார்கள்" என்று சொல்லும்போதெல்லாம் அந்த வடபகுதி எனக்கு ஞாபகம் வரும். பூர்வகுடிகளான சாமி மக்களில் பெரும்பகுதியினர் வாழும் பகுதியும் அதுதான்.

மே 17

சின்னவளின் ஊர்வலம் முடிந்து இப்போதுதான் வந்தோம். எல்லாருக்கும் வாழ்த்துகள். பிள்ளைகள் போகும் அந்தத் தெருவின் பெயர் கார்ல் யூஹான். பெர்னடோட்டுக்குச் சுவீடனில் வைத்த பெயர் அது. அரண்மனை முன்னால் குதிரையில் இருப்பவரும் அவர்தான். இந்த நாளைக் கொண்டாடக்கூடாது என்று நின்ற மனிதரும் அவரே. விபரம் நாளைக்கு.

மே 18

கார்ல் யூஹான் 1818இல் மன்னரானார். மக்கள் நவம்பர் 4ஐ, அதாவது சுவீடனோடு இணைந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்பது அவர் விருப்பம். மே 17 அவருக்குக் கலகம் மாதிரித் தெரிந்தது. 1829 மே 17 அன்று "யாப்பு" என்றே பெயர் கொண்ட நீராவிக் கப்பலை வரவேற்கக் கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஒஸ்லோ) கூட்டம் சேர்ந்தது. சந்தைச் சதுக்கத்தில் கூடிய சனத்தைக் கலைக்கக் குதிரைப்படையை இறக்கினார்கள். சதுக்கச் சண்டை என்று அதற்குப் பெயரே உண்டு. அதற்குப் பிறகு அந்த நாளைத் தடுக்க மன்னரால் முடியவில்லை. தலைநகரில் பிள்ளைகள் ஊர்வலம் 1870இல் தொடங்கியது, முதலில் பையன்கள் மட்டும். பெண் பிள்ளைகளைச் சேர்த்தது 1889இல்.

"தோற்ற வருடத்தைக் கொண்டாடுகிறார்கள்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து யாரும் திணித்த விழா இல்லை இது, மன்னரின் விருப்பத்துக்கு எதிராகச் சனம் பிடித்து வைத்துக்கொண்டது.

மே 19

ஒரு சகோதரி நேற்று எழுதியதை அப்படியே ஏற்கிறேன்: 1814 யாப்பைப் புகழ்பவர்கள் இரண்டாம் பிரிவைப் பற்றி மூச்சு விடுவதில்லை. லூத்தரன் மதமே அரச மதம், யேசு சபையினரையும் துறவிகளின் சபைகளையும் பொறுக்க முடியாது, யூதர்கள் நாட்டுக்குள் நுழையக்கூடாது. பத்திரிகைச் சுதந்திரத்தையும் அதிகாரப் பிரிவையும் எழுதிய அதே கைகள் இதையும் எழுதின. காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த அறையிலேயே எதிர்த்துக் கதைத்தவர்கள் இருந்தார்கள், அப்படியென்றால் வேறு மாதிரி யோசிக்க அப்போதே முடிந்திருக்கிறது.

தடையை ஆதரித்தவர்களில் நிக்கொலாய் வேர்கெலாண்ட் என்ற போதகரும் ஒருவர். அவருடைய மகன் கவிஞர் ஹென்றிக் வேர்கெலாண்ட். அப்பா எழுத உதவிய வரியை அழிப்பதற்கு மகன் தன் கடைசி வருடங்களைக் கொடுத்தார். 1842இல் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு இல்லாததால் திருத்தம் விழுந்தது. 1845இல் அவர் இறந்தார், தடை நீங்கியது 1851இல். ஒஸ்லோவில் அவருடைய கல்லறைக்குப் போனால் அந்த நினைவுச் சின்னத்தை எழுப்பியது நோர்வேயின் எல்லைக்கு வெளியே இருந்த யூதர்கள் என்று அதிலேயே பொறித்திருப்பதைக் காணலாம். உள்ளே வந்து எழுப்ப அப்போது அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

1942இல், நாசி ஜெர்மனியின் ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த குவிஸ்லிங் ஆட்சி, யூதர்கள் மீதான தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. யேசு சபையினர் மீதான தடை 1956 வரை இருந்தது. இந்தப் பகுதியையும் பள்ளிக்கூடத்தில் முழுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஊர்வலத்துக்கு முந்தின கிழமையிலேயே. எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி இந்த யாப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது என்று தெரிய வேண்டும்.

மே 21

சரி, சுவீடனோடு நடந்த அந்தப் போர். 1814 ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 14 முடிந்தது. சுவீடன் கடற்படை வாலர் தீவுகளைப் பிடித்தது, பிரெட்ரிக்ஸ்தாத் ஆகஸ்ட் 4இல் சரணடைந்தது. கொங்ஸ்விங்கர் பக்கம் லியர், மாத்ராந்த் இரண்டிலும் நோர்வேப் படை வென்றது, ஆனால் அது முடிவை மாற்றவில்லை. சுவீடன் செய்த கடைசிப் போரும் இதுதான், அதற்குப் பிறகு இன்றுவரை அவர்கள் எந்த நாட்டோடும் போருக்குப் போகவில்லை.

மொஸ் இரும்பு ஆலையில் வைத்து உடன்பாடு. அதில் என்ன இருந்தது என்று பாருங்கள்: மே 17 அன்று நோர்வேயின் மன்னராகியிருந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் முடியைத் துறந்து பாராளுமன்றத்தைக் கூட்ட வேண்டும். பதிலுக்குச் சுவீடன் ஐட்ஸ்வோல் யாப்பை ஏற்கும், இணைப்புக்கு வேண்டிய மாற்றங்கள் மட்டும் செய்யப்படும். அதாவது கீல் உடன்படிக்கையில் பரிசாகக் கிடைத்த நாட்டோடு பெர்னடோட் திரும்ப உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. நவம்பர் 4 அன்று பாராளுமன்றம் அவசியமான திருத்தங்களைச் செய்து, சுவீடன் மன்னர் பதின்மூன்றாம் கார்லை நோர்வேயின் மன்னராகத் தானே தேர்ந்தெடுத்தது. "தேர்ந்தெடுத்தது" என்பதில் அன்று சபைத் தலைவராக இருந்த கிறிஸ்தி விடாப்பிடியாக நின்றார். தனிப் பாராளுமன்றம், தனி அரசாங்கம், தனிக் கஜானா, தனிப் படை எல்லாம் நோர்வேக்கு. வெளிநாட்டு விவகாரம் மட்டும் ஸ்டொக்ஹோமில். 1905இல் பிரிவு வந்ததும் அந்த ஓட்டையால்தான், தனிக் கொன்சல் சேவை (வணிகத் தூதரகச் சேவை) வேண்டும் என்ற தகராறில்.

மே 21, நள்ளிரவு

பெர்னடோட்டுக்கு அவசரம் இருந்தது, வியன்னாவில் வல்லரசுகள் கூடப்போகின்றன, அதற்கு முன்னால் விஷயத்தை முடிக்க நினைத்தார், எனவே யாப்பு பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம் என்ற வாதம் வந்திருக்கிறது. முன்பு நானும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. அவசரம் இருந்தது, சரி. அவசரப்படுபவர் எதை ஏற்று முடிப்பார்? மேசையில் முன்கூட்டியே எழுதி, கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தது. அது இல்லாமல் வெறும் படை மட்டும் இருந்திருந்தால் பெர்னடோட்டின் அவசரம் நோர்வேக்கு எந்த நன்மையும் செய்திருக்காது.

அந்தத் தாள் பிறகு வேலை செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. யாப்பின்படி மன்னர் ஒரு சட்டத்தைத் தள்ளிப்போடலாம், நிரந்தரமாகத் தடுக்க முடியாது. மூன்று பாராளுமன்றங்கள் அடுத்தடுத்து அதே சட்டத்தை நிறைவேற்றினால் அது சட்டம். பிரபுக்களின் பட்டங்களை ஒழிக்கும் சட்டத்தை 1815இல் நிறைவேற்றினார்கள், பிறகு 1818இல், பிறகு 1821இல். மூன்றாவது தடவை மன்னரால் நிறுத்த முடியவில்லை. முழுத் தடுப்பு அதிகாரம் தனக்கு வேண்டும் என்று அவர் கேட்டதை 1824இல் பாராளுமன்றம் நிராகரித்தது.

மே 24

தரங்கம்பாடிக்கும் 1814க்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: ஆம், நேரடித் தொடர்பு இருக்கிறது. தரங்கம்பாடி டென்மார்க்-நோர்வே அரசின் கீழ் இருந்த இடம், 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்திலிருந்து. 1788 முதல் 1806 வரை அங்கே ஆளுநராக இருந்தவர் பேட்டர் ஆங்கர், நோர்வேக்காரர். யாப்பு எழுதிய வீட்டின் சொந்தக்காரர் கார்ஸ்டன் ஆங்கர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. தம்பியும் ஒரு காலத்தில் கொப்பன்ஹேகனில் ஆசியக் கம்பனியின் இயக்குநராக இருந்தவர். அந்தக் குடும்பத்தின் ஒரு கை சோழமண்டலக் கரையில், இன்னொரு கை ஐட்ஸ்வோலில்.

பேட்டர் ஆங்கர் தமிழ்நாட்டுக் கோயில்களையும் தரங்கம்பாடியையும் படங்களாக வரைந்து சேர்த்தவர். அந்தச் சேகரிப்பு ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே வாழும் தமிழர் எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்கள் சங்கங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமே.

1814 நடக்கும்போது தரங்கம்பாடி பிரித்தானியர் கையில், 1808இல் பிடித்தது. டென்மார்க்குக்குத் திரும்பக் கிடைத்தது 1815இல்.

மே 25

மேலே ஒருவர் குழப்பிக்கொண்டார், பலருக்கும் வரக்கூடிய குழப்பம்தான். பேட்டர் ஆங்கர் ஐட்ஸ்வோல் சபையில் இருக்கவில்லை. சபையில் இருந்தவர் பேடர் ஆங்கர், பொக்ஸ்தாத் மாளிகைக்காரர், வேடெல் யார்ல்ஸ்பெர்க்கின் மாமனார், இணைப்பின் கீழ் ஸ்டொக்ஹோமில் நோர்வேயின் முதல் பிரதமர். வீட்டுக்காரர் கார்ஸ்டனும் அங்கே இல்லை, பிரித்தானியாவின் ஆதரவைத் தேட லண்டன் போயிருந்தார். ஆதரவு கிடைக்கவில்லை.

மே 29

கடைசியாக வந்த கேள்விதான் எனக்குக் கடினமானது: கிறிஸ்தியான் பிரெடெரிக் கோழையா?

அந்தக் காலத்திலேயே அப்படிச் சொன்னார்கள். படையில் பாதி சண்டையே பார்க்கவில்லை, மன்னர் பின்வாங்கச் சொல்கிறார் என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். ஆனால் சாப்பாடு இல்லை, கடற்படை என்று சொல்ல ஒன்றும் இல்லை, நான்கு வல்லரசுகளின் தூதர்களும் கோடையிலேயே வந்து கீல் உடன்படிக்கையை ஏற்கச் சொல்லி நெருக்கியிருந்தார்கள். தன் முடியைக் கொடுத்து யாப்பைக் காப்பாற்றினார் என்றே நான் படிக்கிறேன். மே 17 மன்னரானவர், அக்டோபர் 10 முடியைத் துறந்து கப்பல் ஏறினார்.

பிறகு என்ன செய்தார் என்பதுதான் என்னைக் குழப்புகிறது. 1839இல் எட்டாம் கிறிஸ்தியான் என்ற பெயரில் டென்மார்க் மன்னரானார். ஐட்ஸ்வோலின் மனிதர் எங்களுக்கும் ஒரு யாப்பைத் தருவார் என்று டென்மார்க்கின் தாராளவாதிகள் காத்திருந்தார்கள். கொடுக்கவில்லை. 1848 ஜனவரியில் இறக்கும்வரை முழு அதிகார மன்னராகவே ஆண்டார், டென்மார்க்குக்கு யாப்பு 1849இல்தான் வந்தது. தரங்கம்பாடியைப் பிரித்தானியருக்கு விற்ற மன்னரும் இவரேதான், 1845இல். அங்கே இருந்த தமிழரை யார் கேட்டார்கள்? தன்னுடைய 27ஆவது வயதில், கேட்காமல் கொடுக்கப்பட்ட ஒரு நாட்டுக்காக நின்றவர் இதைச் செய்தார். கோழை என்று சொல்லமாட்டேன். அவரை வீரனாக நிறுத்தும் கட்டுரைகள் 1814 அக்டோபரோடு முடிந்துவிடுகின்றன என்பதுதான் என் குறை. டென்மார்க்கில் வாழும் நம்மவர் யாராவது அவருடைய பிந்திய வருடங்களை ஊன்றிப் படித்திருந்தால் எழுதுங்கள், இந்த விஷயத்தில் எனக்கு எதிர்வாதம் கேட்க விருப்பம்.